கமலாம்பாள் எடுத்த புத்தகங்கள்

குரும்பகரத்து நீலமேகம் ஐம்பத்தேழு வயதுவரை ஒரு நூலகத்துக்குள் கால் வைத்ததில்லை. காரைக்காலுக்குப் போனால் உரக்கடை, விவசாய ஆபீஸ், பேங்கு, திரும்ப பஸ் ஸ்டாண்டு, அவ்வளவுதான் அவருக்கு ஊர். ஏழாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் படித்ததெல்லாம் பூச்சிமருந்து டப்பாவில் எத்தனை மில்லி என்பதும், பஸ் போர்டும், கல்யாணப் பத்திரிகையும்தான்.

அந்தத் தை மாதம் அவர் கையில் ஒரு ஃபைல் இருந்தது. மனைவி கமலாம்பாளின் ஃபைல். புரட்டாசியில் அவள் வலது கையிலிருந்து ஒரு சொம்பு நழுவியது. வழுக்கிவிட்டது என்றார்கள். பிறகு கரண்டி நழுவியது, சீப்பு நழுவியது. ரவிக்கைக்குக் கொக்கி மாட்ட முடியவில்லை. காரைக்காலில் இரண்டு டாக்டர்களைப் பார்த்து, அவர்கள் புதுச்சேரிக்கு அனுப்பி, அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சதைக்குள் ஊசி குத்திக் குத்திப் பார்த்தார்கள். கடைசியில் டாக்டர், "நரம்பு சம்பந்தப்பட்டதுங்க. மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடட்டும், அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லி ஃபைலைக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் கதவு வரைக்கும் ஜனம் நின்றுகொண்டிருந்தது. நீலமேகத்துக்குக் கேட்கத் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டார்.

ஃபைலை ஜெராக்ஸ் எடுக்கப் போன கடையில் இருந்த பெண் மேல் தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தாள்.

"என்னம்மா போட்டிருக்கு?"

"எழுத்துக்கூட்டிப் படிக்க முடியுதுப்பா. என்ன வியாதின்னு எனக்குத் தெரியல. அந்தாண்ட தெருவுல லைப்ரரி இருக்கே, அங்க கேளுங்களேன். எடுத்துச் சொல்லுவாங்க. காசெல்லாம் கேக்க மாட்டாங்க."

நூலகத்தில் மேசைக்குப் பின்னால் காஜா நஜ்முதீன் இருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான மனிதர். மேசைமேல் திருப்பி வந்த புத்தகங்களை எண்பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். நீலமேகம் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்து நின்றார்.

"செருப்பு போட்டுக்கிட்டே வரலாம்ணே. சொல்லுங்க."

ஃபைலை நீட்டினார். காஜா நஜ்முதீன் முதல் தாளைப் படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார்.

"யாருக்குங்க இது?"

"வீட்ல. அவங்களுக்கு."

"படிச்ச பிள்ளைங்க யாரும் கூட வரலியா?"

"ஒரே பொண்ணு. திருப்பூர்ல இருக்கு. கைப்புள்ளக்காரி. என்னன்னு தெரியாம அதுகிட்ட எதச் சொல்றது?"

காஜா நஜ்முதீன் எழுந்து உள்ளே போய்த் தடித்த மருத்துவப் புத்தகங்கள் இரண்டைத் தூக்கி வந்தார். அதில் ஒன்று தமிழ். பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரிலும் தேடினார். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு நாற்காலியை இழுத்து நீலமேகத்தின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, நான் டாக்டர் இல்ல. புத்தகத்துல போட்டிருக்கறத மட்டும்தான் என்னால சொல்ல முடியும். சொல்லவா? இல்ல, டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு மட்டும் எழுதித் தரவா?"

"சொல்லுங்க சார்."

ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னார். மூளையிலிருந்து சதைக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். முதலில் கை போகும், பிறகு கால். பிறகு பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. புத்தி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

"மருந்து?"

"குணமாக்குற மருந்து இன்னும் வரலன்னுதான் போட்டிருக்கு. கொஞ்சம் தள்ளிப்போடுறதுக்கு ஒரு மாத்திரை இருக்கு. அதத்தான் கொடுத்திருக்காங்க."

"எத்தினி நாளு சார்?"

காஜா நஜ்முதீன் பக்கத்தில் விரலை வைத்தபடியே புத்தகத்தை மூடினார். "ஆளுக்கு ஆள் மாறும்ங்குது. ரெண்டு மூணு வருஷம்னு போட்டிருக்கு. சிலருக்குக் கூட. சிலருக்குக் கொறச்சல்."

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. நீலமேகம் தன் இரண்டு கையையும் தொடைமேல் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். காஜா நஜ்முதீன் ஒரு தாளை எடுத்து ஏழு கேள்விகளைத் தமிழில் பெரிய எழுத்தாக எழுதினார். விழுங்க முடியாமல் போனால் என்ன செய்வது, என்ன சாப்பாடு கொடுப்பது, மூச்சு திணறினால் யாரைக் கூப்பிடுவது. "இத அப்படியே டாக்டர்கிட்ட நீட்டுங்க. வாயால கேக்கப்போனா மறந்துடும்."

நீலமேகம் சட்டைப்பைக்குள் கையை விட்டார். "எவ்வளவுங்க சார்?"

"இங்க எதுக்கும் காசு கெடையாதுண்ணே."

"வீட்ல அவங்களுக்குத் தெரிய வேணாம் சார்."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்" என்றார் காஜா நஜ்முதீன்.

அடுத்த மாதம் அந்தத் தாளை நீட்டியபோது புதுச்சேரி டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவரை உட்காரச் சொல்லி, ஏழுக்கும் பதில் சொன்னார். புத்தகத்தில் போட்டிருந்தது எதுவும் பொய் இல்லை.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது கமலாம்பாள் முறத்தை மடியில் சாய்த்து இடது கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒடிசலான தேகம். கலகலவென்று பேசமாட்டாள், ஆனால் கேட்டதற்குச் சுருக்கென்று பதில் வரும்.

"ஜெராக்ஸ் எடுக்க இவ்ளோ நேரமா?"

பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்த பொய்யெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. "லைப்ரரிக்குப் போனேன்" என்றார்.

ஏன், எதற்கு என்று கேட்பாள் என்று நினைத்தார். அவள் பொறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்க புத்தகம் வீட்டுக்குக் கொடுக்கறாங்களா?"

"கேக்கலியே. எதுக்கு?"

"கேட்டுட்டு வாங்களேன்."

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அவரிடம் தனக்கென்று கேட்டவை மிகக் கொஞ்சம். மறுநாளே போய்க் கேட்டு வந்தார். ஆதார் நகல், ஒரு போட்டோ, ஒரு படிவம், அதில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிற ஒருவரின் ஜாமீன் கையெழுத்து. அவ்வளவுதான். ஊரில் வைத்தியலிங்கம் கொம்யூன் பஞ்சாயத்தில் எழுத்தராக இருந்தார். படிவத்தை வாங்கிப் பார்த்து, "நம்ம கமலாவுக்கா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் பஸ்ஸில் போனார்கள். அப்போது அவளுக்குக் கால் நன்றாக இருந்தது. காஜா நஜ்முதீன் முன்னால் படிவத்தை வைத்து அவள் வலது கையில் பேனாவைப் பிடித்துப் பார்த்தாள். அது சாய்ந்து விழுந்தது. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக, சிலேட்டில் எழுதுகிற குழந்தை மாதிரி எழுதினாள். எழுதி முடித்துவிட்டு வெட்கப்பட்டாள்.

"கையெழுத்து எப்படி இருந்தாலும் கையெழுத்துதாம்மா" என்றார் காஜா நஜ்முதீன். "ஒரு தடவைக்கு மூணு புத்தகம். பதினாலு நாள். முடியலன்னா ஒரு போன் பண்ணுங்க, நானே தேதி மாத்திக்கறேன்."

அவள் அலமாரிகளுக்கு நடுவே போனாள். நீலமேகம் பத்திரிகை மேசைப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தடுமாறவில்லை. எந்த வரிசையில் என்ன இருக்கும் என்று தெரிந்தவள் மாதிரி, புத்தக முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து நகர்ந்தாள். இறுக்கமாக அடுக்கியிருந்த ஒரு புத்தகத்தை உருவ முடியாமல் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் போய் எடுத்துக் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவளுக்கு டீயும் பன்னும் வாங்கி வரலாம் என்று வெளியே போய்த் திரும்பியபோது அவள் காஜா நஜ்முதீன் எதிரே உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தடிப் புத்தகம். அவரைக் கண்டதும் அதை மூடிவிட்டு, "டீ ஆறிடப்போவுது, கொடுங்க" என்றாள்.

அவள் எடுத்தவை மூன்று. பனிக்கடலில் கப்பலில் போனவர்களின் கதை, நட்சத்திரங்களைப் பற்றி ஒன்று, மலைத்தோட்டத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றிய நாவல்.

பஸ்ஸில் அவர் கேட்டார். "ஒனக்கு இதெல்லாம் எப்படிப் பழக்கம்?"

"அம்பகரத்தூர்ல சின்ன லைப்ரரி இருந்துச்சுங்க. ஒரே ரூம்புதான். பத்தாவதுலேருந்து கல்யாணத்துக்கு மொத நாளு வரைக்கும் எடுத்துக்கிட்டே இருந்தேன். கடைசிப் புத்தகத்தைத் தம்பிதான் கொண்டுபோய்க் கொடுத்தான்."

"இத்தினி வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லியே."

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சையாகக் கிடந்தது.

"சொன்னேனே. கல்யாணமாயி ரெண்டாவது வருஷம். காரைக்கால் லைப்ரரில சேத்து விடுறீங்களான்னு கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. படிச்சுக் கலெக்டராவப் போறியான்னீங்க."

"நானா?"

"வையலங்க. சிரிச்சீங்க, அவ்ளோதான். அப்புறம் கேக்கல."

நீலமேகத்துக்கு அது ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஏதோ நாற்று நடவு நேரமாக இருக்கும், ஏதோ அவசரத்தில் சொல்லியிருப்பார். அவர் மறந்துபோனதை அவள் இருபத்தாறு வருஷம் வைத்திருந்தாள். கோபமாகக்கூட வைத்திருக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஊர் வரும்வரை புத்தகப் பையை மடியில் வைத்து அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு பதினாலு நாளைக்கு ஒரு முறை காரைக்கால் போவது வழக்கமாயிற்று. பங்குனி, சித்திரையில் அவளும் கூட வந்தாள். வைகாசியில் கால் பின்ன ஆரம்பித்தது, வருவதை நிறுத்தினாள். சொல்லி அனுப்புவாள், அவர் போய் எடுத்துவருவார். "போன தடவ கொடுத்தாரே அதே மாதிரி, ஆனா வேற ஊரு" என்பாள். காஜா நஜ்முதீனுக்குப் புரியும். அவர் சில சமயம் நாலாவதாக ஒன்றைத் தன் பெயரில் எழுதிக் கொடுத்தனுப்புவார். ஊனமுற்றோர் சான்றிதழுக்கு மனுப்போட வேண்டும் என்று நீலமேகத்துக்குத் தெரியாது. அவர்தான் சொல்லி, நூலகக் கம்ப்யூட்டரிலேயே பதிந்து கொடுத்தார். சக்கர நாற்காலி வந்தது அப்படித்தான்.

ஆனியில் இரண்டு கையும் புத்தகத்தைத் தாங்கவில்லை. நீலமேகம் ஒரு பழைய பலகையை அறுத்துச் சாய்வாக நிறுத்தி, கீழே விளிம்பு அடித்து, கட்டிலுக்கு நேரே வைத்தார். பக்கம் முடிந்ததும் அவள் "ம்" என்பாள். அவர் புரட்டுவார். அவர் வயலுக்குப் போய்விட்டால் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் இருப்பாள். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தபோது காற்றில் நாலைந்து பக்கம் தாண்டிப் போயிருந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"தூங்குனியா?"

"இல்லங்க. பின்னாடி வர்றது தெரிஞ்சிடக்கூடாதுன்னு மூடிக்கிட்டேன்."

அன்றைக்குத்தான் அவர், "நான் படிக்கட்டுமா?" என்று கேட்டார்.

ஏழாம் வகுப்புத் தமிழ். நாற்பத்தைந்து வருஷத் துரு. ஒரு வரியை முடிக்க ஒரு நிமிஷம் ஆனது. பெரிய வார்த்தை வந்தால் வரப்பில் நிற்கிற மாடு மாதிரி நின்றுவிடுவார். அவள் அவசரப்படுத்தவில்லை. இன்னொரு கப்பல் கதையில், "வெள்ளம் புகுந்தது" என்பதை "வெல்லம் புகுந்தது" என்று படித்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் வரும் அளவுக்குச் சிரித்தாள்.

"வெல்லத்துல கப்பல் போவுமா? நாக்கை மடிங்க. வெள்ளம்."

"வெல்லம்."

"மடிங்கன்னா."

பிறகு அவருக்கு ள வந்துவிட்டது. வந்த பிறகும் வேண்டுமென்றே வெல்லம் என்றே படித்தார், அந்தச் சிரிப்புக்காக. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் திருத்துவாள். சாயங்காலம் இப்படி ஒரு மணி நேரம். வீட்டுப் பக்கம் போகிறவர்கள், நீலமேகத்துக்கு என்ன ஆயிற்று, பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாரா என்று பேசிக்கொண்டார்கள். கல்யாணமானதிலிருந்து அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

அவள் கேட்பாள், "மாத்திரை வேல செய்யுதாங்க?" "செய்யாம? தை பொறந்தா எழுந்து நடப்ப பாரு" என்பார் அவர். அவள் தலையை ஆட்டுவாள்.

ஆவணியில் அவள் பேச்சு குழற ஆரம்பித்தது. புரட்டாசியில் சோற்றைக் கஞ்சியாக்கினார்கள். மகள் இளவேனில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருப்பூரிலிருந்து வந்துவிட்டாள். அம்மா தலைமாட்டில் கிடந்த புத்தகங்களைப் பார்த்து, "அம்மா படிக்கும்னு எனக்கே தெரியாதுப்பா" என்றாள். ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம், நீலமேகம் படித்துக்கொண்டே வந்து, "ஊருக்குள் வெல்லம் புகுந்தது" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். கமலாம்பாளின் உதடு அசைந்தது. காற்று வந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவர் குனிந்து, மேலே படித்தார். அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு இடத்தில் அந்த வார்த்தை வந்தது. இரண்டையும் சரியாகப் படித்தார்.

அடுத்த முறை நூலகத்தில் காஜா நஜ்முதீன், "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டபோது, "பேச்சு நின்னுபோச்சு சார்" என்றார்.

காஜா நஜ்முதீன் கையில் இருந்த முத்திரையைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து அவரைப் பத்திரிகை அறைப் பக்கம் அழைத்துப் போனார். அங்கே யாரும் இல்லை.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனா இனிமே அவங்களால சொல்ல முடியாது."

"என்ன சார்?"

"மொத நாளு நீங்க டீ வாங்கப் போனீங்கள்ல. அப்ப அவங்க எங்கிட்ட வந்து, எங்க வீட்டுக்காரர் ஒரு ஃபைல் கொண்டாந்தாரே, அதுல என்ன இருந்துச்சுன்னு கேட்டாங்க. நான் சொல்லல. ஒடனே அவங்களே கை இப்படி இருக்கு, தோள்ல சதை துடிக்குது, எந்தப் புத்தகத்துல பாக்கணும்னு கேட்டாங்க. புத்தகம் கேட்டு வர்றவங்களுக்குப் புத்தகம் இல்லன்னு நான் எப்படிண்ணே சொல்வேன்? எடுத்துக் கொடுத்தேன். அவங்களே படிச்சாங்க. முழுக்கப் படிச்சாங்க."

"அந்தத் தடிப் புத்தகமா?" என்றார் நீலமேகம்.

"அதேதான். படிச்சுட்டு, இவருக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல. அப்ப அவருக்குத் தெரியும்போல இருக்கு, எனக்குத் தெரியாதுன்னே அவர் நெனச்சுக்கிட்டிருந்தா கொஞ்சம் தைரியமா இருப்பாரு, அவர்கிட்ட சொல்லாதீங்கன்னாங்க. நீங்களும் அதையேதான் சொன்னீங்க. ரெண்டு பேர் வார்த்தையையும் காப்பாத்தினேன். அது சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

ஒன்பது மாதம். தை பிறந்தால் நடப்பாய் என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் தலையை ஆட்டினாள். அவளுக்குக் குரல் இருந்த ஒன்பது மாதம். என்ன என்னவெல்லாம் பேசியிருக்கலாம். அவள் எதற்குப் பயந்தாள், இளவேனிலிடம் என்ன சொல்ல வேண்டும், எந்தப் புடவையைக் கட்டிவிட வேண்டும், அவர்மேல் வருத்தம் உண்டா. ஒன்றையும் கேட்காமல் மாத்திரை வேலை செய்யும் என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டார்.

புறப்படும்போது காஜா நஜ்முதீன் குழந்தைகள் பகுதியிலிருந்து ஓர் எழுத்து அட்டவணையை எடுத்துச் சுருட்டிக் கொடுத்தார். அ, ஆவிலிருந்து உயிர்மெய் வரைக்கும் கட்டம் கட்டமாக இருந்தது. "ஒவ்வொரு எழுத்தா விரலை வையுங்க. வேணுங்கற எழுத்து வந்தா கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்க. நேரமாவும். ஆனா பேசலாம்."

மழை விட்டிருந்தது. வீட்டில் இளவேனில் குழந்தையைக் குளிப்பாட்டக் கொல்லைக்குப் போயிருந்தாள். நீலமேகம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கமலாம்பாளின் கையைத் தன் உள்ளங்கையில் எடுத்துவைத்துக்கொண்டார். அதற்கு எடையே இல்லை.

"காஜா சார் சொன்னாரு" என்றார். "ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு. எனக்கும் தெரியும் கமலா. மொத நாள்லேருந்து தெரியும்."

அவள் அவரையே பார்த்தாள். கண் நிறைந்து காதோரம் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவளால் முடியாது. அவர் துடைத்தார். பிறகு அட்டவணையை விரித்து, எப்படி என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, விரலை வைத்து நகர்த்தினார். முதல் எழுத்துக்கே நிறைய நேரம் ஆனது. ப. பிறகு ய. ந். து. நடுவில் அவர் வரிசையைத் தவறவிட்டு மறுபடி தொடங்கினார். ட். டீ. அரை மணி நேரம் கழித்து, ஒரு தாளில் ஒவ்வொன்றாகக் குறித்துவைத்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தார்.

பயந்துட்டீங்களா.

"ஆமா" என்றார் நீலமேகம். "ரொம்ப."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். தனக்கும்தான் என்று சொன்னாளா, சரி என்றாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கு எழுத்து காட்டும் அளவுக்கு அவளிடம் தெம்பு இல்லை.

அதன் பிறகு அட்டவணையில் அவள் பெரும்பாலும் இரண்டெழுத்துதான் காட்டினாள். படி. கார்த்திகை, மார்கழி முழுக்க அவர் படித்தார். காலையிலும் படித்தார், மத்தியானமும் படித்தார். வயலைப் பங்காளி மகனிடம் விட்டார். கடைசியாக எடுத்து வந்தது ஒரு பெரிய ஆறு எங்கே பிறக்கிறது என்று தேடிக்கொண்டு ஓடத்திலும் நடந்தும் மேலே மேலே போகிற இரண்டு பேரின் பயணம். வாய்க்காலில் தண்ணீர் வருமா வராதா என்று வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிற ஊரைச் சேர்ந்தவர்கள்தான் அந்த இருவரும். அவருக்கே அந்தக் கதை பிடித்துப்போயிற்று. அவள் கண் அவர் வாயை விட்டு நகராது.

பொங்கல் கழிந்து எட்டாம் நாள். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். இளவேனில் குழந்தையோடு அடுத்த அறையில் படுத்திருந்தாள். நீலமேகம் படித்துக்கொண்டிருந்தார். அந்த இருவரும் ஒரு சதுப்பு நிலத்தைத் தாண்டுகிற இடம், நீளமான பகுதி. ஊர்ப் பேரெல்லாம் வாயில் நுழையவில்லை. அவற்றைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று எழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் படித்தார். பக்கத்தைப் புரட்டினார், படித்தார், மறுபடி புரட்டினார். வாய் வறண்டு, தண்ணீர் குடிக்கலாம் என்று நிமிர்ந்தபோது அவள் இல்லை.

கண் திறந்தே இருந்தது. முகம் அவர் பக்கமே திரும்பியிருந்தது. எந்த வரியில் போனாள் என்று அவருக்குத் தெரியாது. இளவேனில் அழுகிற சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்தபோது அவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். யாரோதான் புத்தகத்தை வாங்கி அப்பால் வைத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் அவர் மூன்று புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு காரைக்கால் போனார். காஜா நஜ்முதீன் சாவுக்கு வந்திருந்தார், அதனால் சொல்ல ஒன்றும் இல்லை. புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு, உறுப்பினர் அட்டையை மட்டும் திருப்பித் தந்தார்.

"இத நீங்களே வச்சிக்குங்கண்ணே."

"எத்தினி புத்தகம் சார் எடுத்தா?"

காஜா நஜ்முதீன் கம்ப்யூட்டரில் பார்த்தார். "அறுபத்தொண்ணு. பதினோரு மாசத்துல."

பதினோரு மாதத்துக்கு அறுபத்தொன்று. அப்படியானால் இருபத்தாறு வருஷத்துக்கு எத்தனை என்று நீலமேகத்தின் மனம் கணக்குப் போடத் தொடங்கியது. பாதியில் நிறுத்திக்கொண்டார். ஒரு பஸ், ஒரு போட்டோ, வைத்தியலிங்கத்தின் ஒரு கையெழுத்து. அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது.

"அந்த ஆத்துப் புத்தகம் முடியல சார். பத்துப் பன்னெண்டு பக்கம் இருக்கு. இங்கயே ஒக்காந்து படிக்கலாமா?"

"ஒக்காருங்கண்ணே."

அவருக்கு மனசுக்குள் படிக்க வராது. வாய்விட்டுத்தான் படிக்கத் தெரியும். படிப்பு அறையில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். காஜா நஜ்முதீன் அவரைக் குழந்தைகள் பகுதிக்கு அழைத்துப் போனார். பள்ளிக்கூட நேரம், அங்கே ஒருவரும் இல்லை. குட்டை நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். விரல் வைத்திருந்த பக்கம் தெரிந்தது. ஆனால் அதிலிருந்து தொடங்க முடியவில்லை. அவள் எதுவரை கேட்டாள்? இரண்டு பக்கம் பின்னால் போனார். போதாது என்று தோன்றியது. இன்னும் ஒரு பக்கம் பின்னால் போய் அங்கிருந்து படித்தார்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இருவரும் கடைசியில் மலையுச்சியில் ஒரு பாறைக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள். அங்கே பாசி படர்ந்த ஈரம், அவ்வளவுதான். ஓர் உள்ளங்கை நிறைய நீர்கூட இல்லை. அவ்வளவு பெரிய ஆறு அங்கிருந்துதான் புறப்பட்டது. இருவரும் விரலை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார்கள்.

நீலமேகம் புத்தகத்தை மூடினார். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இத்தனூண்டுதானாம் கமலா, வெறும் ஈரமாம். அவர் வாழ்நாளில் தானாகப் படித்து முடித்து, ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று துடித்த முதல் விஷயம் அது. குட்டை நாற்காலியில் முகத்தைப் பொத்திக்கொண்டு, சாவன்றும் அழாதவர், காரியத்தன்றும் அழாதவர், சத்தமாக அழுதார். காஜா நஜ்முதீன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

மூன்றரை மணி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார். நெடுங்காடு தாண்டி எல்லா வயலிலும் அறுவடை முடிந்திருந்தது, அவருடையதிலும். வீட்டில் இளவேனில் ஊருக்குப் புறப்பட மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"கொடுத்துட்டீங்களாப்பா?"

"கொடுத்துட்டேன்."

"கட்டில எடுத்து உள்ள போட்டுறவா? சாஞ்ச பலகை ஒண்ணு இருக்கே, அதையும்?"

அவர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார். அது தூக்கத்துக்கு அழுதுகொண்டிருந்தது. தட்டிக்கொடுத்தபடி அங்கேயும் இங்கேயும் நடந்தார்.